நான் பிழை போட்ட விடை

என் மனைவிக்குக் குருதிப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகுதான் கெமிஸ்ரி மாஸ்ரர் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். அதற்கு முன் முப்பது வருடங்களுக்கு மேலாக அவரும் நானும் யாழ்ப்பாணத்துத் தனியார் கல்வி நிலையங்களில் அடுத்தடுத்த கொட்டில்களில் படிப்பித்திருக்கிறோம். அவர் இரசாயனவியல், நான் உயிரியல். நடுவில் தென்னோலைக் கிடுகு வேலி ஒன்று மட்டும். அந்தப் பக்கம் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் பேனையை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் தலையைத் திருப்புவார்கள். என் பாடத்தில் யாரும் சிரித்ததில்லை. நான் சிரிக்க விடவில்லை என்று சொல்லிக்கொள்வேன். உண்மை என்னவென்றால் எனக்குச் சிரிக்க வைக்கத் தெரியாது.

அவர் குருநகர்க் கடற்றொழில் குடும்பத்துக் கத்தோலிக்கர். நான் தெல்லிப்பழைப் பக்கத்தில் தோட்டக் காணியுள்ள சைவக் குடும்பம். அவரை நான் மதிக்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை இப்போது மறைத்துப் பயனில்லை. எனக்கு வந்திருக்க வேண்டிய பேரும் புகழும் அவருக்கு வந்துவிட்டன என்று எப்போதும் ஒரு எண்ணம்.

என் மனைவி கல்விக் கந்தோரில் தட்டெழுத்தாளராக இருந்தவள். என்னுடைய நோட்ஸ் எல்லாவற்றுக்கும் மெழுகுத் தாளில் ஸ்ரென்சில் வெட்டியது அவள்தான். கரண்ட் இல்லாத அந்தக் காலத்தில் ரோணியோ நகல் இயந்திரத்தைக் கையால் சுழற்றி, கட்டுக் கட்டாக அடித்து அடுக்கித் தருவாள். சிட்ரிக் அமில வட்டத்தை ஊசிப் பேனையால் மெழுகுத் தாளில் அவள் கீறுவது அவ்வளவு அழகாக இருக்கும். அம்புக்குறிகள் ஒன்றுகூடக் கோணாது. அந்த வட்டம் என்ன செய்கிறது என்று அவள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. கலத்துக்குச் சக்தி தரும் வட்டம் அது என்பதை ஊரிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் சொன்ன நான், அதைக் கீறித் தந்தவளுக்குச் சொல்லவில்லை.

முதலில் களைப்பு என்றாள். பிறகு கையில் காலில் அடிபடாமலே கண்டல் தெரிந்தது. இரத்தத்தைச் சோதித்துவிட்டு, எலும்புக்குள் இரத்தம் ஊறும் என்பு மச்சையையும் எடுத்துப் பார்த்தார்கள். முதிராத வெண்குழியங்கள் மச்சை முழுக்க நிறைந்து, நல்ல குழியங்களுக்கு இடமில்லாமல் செய்துவிட்டன. எங்கள் பகுதியில் ஒருவர் ‘தெல்லிப்பழைக்குப் போறன்’ என்று சொன்னாலே கேட்பவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். புற்றுநோய் ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. எங்களுக்கு அது நடந்து போகும் தூரம். வயது கூடியதால் கடும் மருந்து தாங்கமாட்டாள் என்று சொல்லி, மெல்லிய ஊசி மருந்தும், தேவைப்படும்போது இரத்தம் ஏற்றுவதும் என்று வைத்தியர் முடிவெடுத்தார்.

“ஏன் இந்தக் கலங்கள் வளராமல் நிக்குது?” என்று ஒரு நாள் அவள் என்னைக் கேட்டாள்.

நான் கலப் பிரிவு, வியத்தம், விகாரம் என்று வரைவிலக்கணங்களைச் சொல்லத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தவள், “நீங்கள் நோட்ஸ் சொல்லுறியள்” என்றாள். அவ்வளவுதான். பிறகு என்னிடம் கேட்கவில்லை.

அந்த வாரத்தில்தான் கெமிஸ்ரி மாஸ்ரர் வந்தார். கையில் ஒரு பையில் விளைமீன். “தங்கச்சிக்கு உடம்பில சத்து ஏறவேணும். நல்லா அவிச்சுச் சொதி வையுங்கோ” என்று என்னிடம் தந்துவிட்டு, விறாந்தைக் கதிரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். நான் மீனைக் குசினியில் வைத்துவிட்டு அறைக்குள் போய்ப் பேப்பரை விரித்தேன். வாசிக்கவில்லை. அவர்கள் கதைப்பது அங்கே நன்றாகக் கேட்கும்.

என்னிடம் கேட்ட அதே கேள்வியை அவரிடம் கேட்டாள்.

“கலம் எப்பிடி முதிர்றதெண்டு அதின்ரை டிஎன்ஏயில எழுதிக் கிடக்கு, தங்கச்சி. சில வேளை எழுத்தெல்லாம் சரியா இருக்கும். ஆனா அதுக்கு மேல அடையாளங்கள் விழுந்து மூடிப்போடும். மெதைல் எண்டு ஒரு சின்னக் கூட்டம். ஒரு காபன், மூண்டு ஐதரசன். அது போய் ஒட்டின இடத்தைக் கலத்தாலை வாசிக்கேலாது. வள்ளத்துக்குத் தார் பூசின மாதிரி.”

“தார் இல்லை மாஸ்ரர்” என்றாள் அவள். “ஸ்ரென்சிலுக்குப் பூசுற சிவப்புப் பூச்சு. எழுத்துப் பிழைச்சால் அதைத்தான் பூசுவன். பூசின இடத்தாலை மை இறங்காது. எழுத்து அங்கைதான் கிடக்கும், கடதாசியில வராது.”

அவர் தொடையில் அடித்துச் சிரித்தார். “ஐயோ, உந்த உதாரணம் எனக்கு அப்ப கிடைச்சிருந்தால்! இந்தாளுக்கு இதைச் சொன்னனீங்களோ?”

“அவருக்கு உதாரணம் பிடிக்காது. வரைவிலக்கணம்தான் பிடிக்கும்.”

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். கிடுகு வேலிக்கு அந்தப் பக்கத்துச் சிரிப்பு இப்போது என் சொந்த விறாந்தையில் கேட்டது. அந்த ஸ்ரென்சில்களெல்லாம் என்னுடையவை. அந்தச் சிவப்புப் பூச்சை வாங்கிக் கொடுத்தவன் நான். அப்படியிருக்க அந்த உதாரணத்தை அவள் அவருக்குக் கொடுத்துவிட்டாள்.

அவர் போன பிறகு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் கவனித்துவிட்டாள்.

“இஞ்சாருங்கோ, இந்த வயசில உங்களுக்கு எரிச்சலோ? நான் என்ன, அந்த மனிசனோட குருநகருக்கு ஓடப்போறனோ? ரத்தம் ஏத்தாமல் வாசல் படலை மட்டும் நடக்கேலாமல் கிடக்கு.”

“விசர்க் கதை கதையாதையும்” என்றேன்.

எரிச்சல்தான். அதை அவள் பகிடியாக எடுத்தாள். பகிடியாக எடுக்கக்கூடிய அளவில் அது இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திராது.

அடுத்த முறை அவர் வந்தபோது முகத்தில் ஒரு பரபரப்பு இருந்தது. அவரிடம் படித்த பெண் ஒருத்தி சென்னையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாளாம். அவளுடன் நீண்ட நேரம் கதைத்திருக்கிறார். இந்த நோய் வந்த வயதானவர்கள் சிலரில் ஒரு நொதியத்தின் பரம்பரையலகில் விகாரம், அதாவது எழுத்து மாற்றம், இருக்கும். இருந்தால் அதற்கென்றே விழுங்கும் குளிசை ஒன்று உண்டு. மச்சை மாதிரியை அனுப்பினால் பார்த்துச் சொல்வாள். குளிசையையும் மருந்துக் கம்பனியிடம் கேட்டு இலவசமாக எடுத்துத் தர முயற்சிப்பாள். மாதிரியைத் தர இங்குள்ள வைத்தியருக்கும் சம்மதம்.

“எந்த நொதியம் தெரியுமோ, தங்கச்சி? நீங்கள் கீறிக் கீறிக் கை உளைஞ்ச வட்டம் ஒண்டு இருக்கெல்லோ, அதுக்குள்ளைதான்.”

“சிட்ரிக் அமில வட்டமோ?” அவள் குரலில் ஒரு சிறு பிள்ளையின் சந்தோசம்.

“ஓம். ஐசோசிற்றேற்றை மாத்திறவர். விகாரம் வந்தால் அவர் தன்ரை வேலையை விட்டிட்டு இன்னொரு சாமானைச் செய்யத் தொடங்குவார். அது பாக்க நல்ல சாமான் மாதிரியே இருக்கும். அந்தச் சிவப்புப் பூச்சைச் சுரண்டுறதுக்கெண்டு கலத்துக்குள்ளை வேற நொதியங்கள் இருக்கு. இந்தக் கள்ளச் சாமான் போய் அவையின்ரை கையை அடைச்சுப்போடும். சுரண்ட ஆளில்லை. பூச்சு ஏறிக்கொண்டே போகும். கலம் வளரத் தெரியாமல் நிக்கும்.” ஒரு கடதாசியில் வட்டத்தைக் கீறி, அதிலிருந்து பக்கவாட்டில் ஒரு அம்பு இழுத்துக் காட்டினார்.

நான் அறையைவிட்டு வெளியே வந்தேன்.

“பச்சைப் பிழை” என்றேன்.

என் தர்க்கம் எனக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது. விகாரம் வந்தால் நொதியம் கெடும். அந்த வட்டத்தில் ஒரு நொதியம் கெட்டால் சக்தி குறையும். சக்தி குறைந்த கலம் பெருகாது. புற்றுநோய்க் கலமோ பெருகும். ஆகவே விடை பிழை. எத்தனையோ வருடமாக விடைத்தாள் திருத்திய கை அது. இப்படி ஒரு விடையைக் கண்டால் மேலே வாசிக்காமலே கோடு இழுத்துவிடும்.

“கெட்ட நொதியம் இல்லை, மாஸ்ரர். புதுத் தொழில் பழகின நொதியம்” என்றார் அவர் அமைதியாக.

“நீர் கெமிஸ்ரியைப் படிப்பியும் ஐசே. கலம் என்ரை பாடம்.”

யாரும் சிரிக்கவில்லை. அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப அனுப்பிறேல்லையோ?”

“வீண் அலைச்சல். மச்சையைத் திருப்பியும் குத்தி எடுக்கவேணும். உமக்கு அந்த நோவு வேணுமோ?”

அவள் அவர் பக்கம் திரும்பினாள். “இவர் ஓம் எண்டு சொன்னால் அனுப்புவம், மாஸ்ரர்.”

“சரி தங்கச்சி. போட்டு வாறன்.”

அவர் படலை தாண்டியதும் அந்தக் கடதாசியை எடுத்து, சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனையால் பக்கவாட்டு அம்பின் மேல் பெரிதாகக் குறுக்குக் கோடு இழுத்துப் பிழை போட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கத்தான் போட்டேன்.

இதுவரை செய்தது அறியாமை. அதற்கு மன்னிப்பு இருக்கலாம். இனிச் சொல்லப்போவதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

சில நாட்களின் பின் ஒரு மத்தியானம், அவள் நித்திரையாக இருந்த நேரம், கனடாவிலிருக்கும் மகள் வாங்கித் தந்த கம்பியூட்டரைத் திறந்து வாசித்தேன். அவர் பிழை என்று நிரூபிக்கத்தான் திறந்தேன். என்னுடைய வட்டம் அங்கே இருந்தது. அதன் பக்கத்தில், அவர் இழுத்த அதே இடத்திலிருந்து, அதே பக்கவாட்டு அம்பும் இருந்தது. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. விகாரம் எப்போதும் ஒன்றைப் பறிக்கும் என்று நான் படிப்பித்திருந்தேன். இங்கே அது கூடாத ஒன்றைக் கொடுத்திருந்தது. எழுந்துபோய்க் கிணற்றடியில் முகம் கழுவினேன்.

அன்றைக்கே அவரைக் கூப்பிட்டு ‘அனுப்பும்’ என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அவர் வென்றவராகிவிடுவார், அதுவும் அவளுக்கு முன்னால். அதற்குப் பதிலாக, என்னிடம் படித்து அவுஸ்திரேலியாவில் டாக்குத்தராக இருக்கும் ஒருவனுக்கு எழுதினேன். என்னுடைய மாணவன் மூலம், என்னுடைய வழியாக அந்தப் பரிசோதனை நடக்கவேண்டும் என்பது திட்டம். பதில் வரக் காலம் எடுத்தது. வந்தபோது, மிகுந்த மரியாதையோடு, தான் கண் வைத்தியர் என்றும் இது தனக்குத் தெரியாத துறை என்றும் எழுதியிருந்தான். பிறகு இன்னொருவனுக்கு எழுதினேன்.

அந்த வாரங்களிலும் கெமிஸ்ரி மாஸ்ரர் வந்தார். நோயைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. மீன் விலை, கிரிக்கெட், அவருடைய கோயில் திருவிழாவில் பாண்ட் வாத்தியக்காரர் வழி தவறிப் போன கதை. அவள் கேட்டுச் சிரித்தாள். என்னுடைய சொல்தான் எடுபட்டது என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு திருப்தி. அதே வேளை, முன்பு இடைவெளி விட்டு ஏற்றிய இரத்தத்தை இப்போது அடிக்கடி ஏற்ற வேண்டியிருந்தது. அவளுடைய கை வெள்ளைச் சீலைத் துணி போல வெளிறிக்கொண்டு வந்தது. அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு பின்னேரம் அவளுக்கு மூக்கால் இரத்தம் வந்தது. நிற்கவில்லை. துவாய் நனைந்து, அதற்கு மேல் பிடித்த என் வேட்டித் தலைப்பும் நனைந்தது. ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் வார்ட்டில் படுக்கவைத்து, இரத்தத்தை உறையவைக்கும் சிறுதட்டுக்கள் ஏற்றத் தொடங்கிய பிறகு, வெளியே வந்து அவருக்கு ரெலிபோன் எடுத்தேன்.

“அனுப்பும்” என்றேன்.

“சரி, மாஸ்ரர். நாளைக்கே பாக்கிறன்” என்றார். ஏன் மனம் மாறியது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். அதற்குக்கூட அவர் இடம் தரவில்லை. அந்தப் பெருந்தன்மையின் மேலும் எனக்கு எரிச்சல் வந்தது.

விகாரம் இருந்தது. அதே நொதியத்தில். குளிசையும் வந்து சேர்ந்தது. அது கலங்களைக் கொல்லும் மருந்தல்ல என்று வைத்தியர் விளங்கப்படுத்தினார். கள்ளச் சாமானைச் செய்யும் நொதியத்தை அது அடைக்கும். பூச்சு மெல்ல மெல்லக் கழலும். வளராமல் நின்றவை வளரத் தொடங்கும். பொறுமை வேண்டும் என்றார். சில வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு இரத்தம் ஏற்றும் இடைவெளி நீண்டது. கண்டல்கள் மறைந்தன. அவள் படலை வரை நடந்தாள், பிறகு ஒழுங்கை முடியும் வரை. மாம்பழக் காலத்தில், கொடிகாமம் சந்தைக்குப் போகவேண்டும் என்று அடம்பிடித்து, என்னோடு பஸ்ஸில் வந்து, விலை பேசிக் கறுத்தக்கொழும்பான் வாங்கினாள்.

வழியில் கண்டவர்களுக்கெல்லாம், “கெமிஸ்ரி மாஸ்ரராலைதான் நான் இப்ப நடக்கிறன்” என்றாள். நான் பக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

மச்சையில் இப்போது கலங்கள் முதிர்கின்றன என்று வைத்தியர் சொன்ன அன்று எனக்கு முதலில் வந்த நினைப்பு ‘அவள் பிழைத்துவிட்டாள்’ என்பதல்ல. ‘அவர் சொன்னது சரியாகிவிட்டது’ என்பதுதான். சந்தோசம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்தது உண்மை. ஆனால் இரண்டாவதாக வந்தது.

மாரி தொடங்கியபோது குளிசை கேட்காமல் போனது. கலங்கள் வேறொரு வழியைக் கண்டுபிடித்துவிட்டன. இப்படி நடப்பதுண்டு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தை பிறக்க முன் அவள் போய்விட்டாள். எட்டாம் நாள் செலவுச் சடங்கெல்லாம் முடிந்த பிறகு வைத்தியரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். “முந்தியே தொடங்கியிருந்தால்?”

“சொல்லேலாது ஐயா. உடம்பு கொஞ்சம் பலமா இருந்திருக்கும். கூட நாள் இருந்திருப்பாவோ, இதே அளவுதானோ எண்டு ஒருத்தராலையும் சொல்லேலாது.”

ஆம் என்றாலும் இல்லை என்றாலும் என்னால் தாங்கியிருக்க முடியும். அந்த விடை எனக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் பகுதியில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு என்று ஒரு சிறு புத்தகம் அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். தேவாரம், இறந்தவரின் குடும்ப வரலாறு, அவர் மேல் பாடிய வெண்பாக்கள். இப்போதெல்லாம் ஏதாவது பயனுள்ள கட்டுரை ஒன்றும் சேர்ப்பார்கள். கனடாவிலிருந்து வந்த மகள் அம்மாவின் நோயைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும் என்றாள். நான் எழுதுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். “கெமிஸ்ரி மாஸ்ரரிட்டைக் கேட்டிட்டன் அப்பா. அம்மாக்கு அவர் சொல்லுறதுதான் விளங்கினது” என்றாள். “சைவக் கல்வெட்டுக்குள்ளை உவருக்கென்ன அலுவல்?” என்று சித்தப்பா முறையான ஒருவர் முணுமுணுத்தார். நான் அவரை அடக்கவில்லை.

அச்சகத்திலிருந்து வந்த பிறகுதான் அந்தப் பக்கத்தை வாசித்தேன். நல்ல எழுத்து. வட்டம், நொதியம், ஸ்ரென்சில் பூச்சு எல்லாம் எந்தப் பிள்ளைக்கும் விளங்கும். கடைசிப் பந்தியில், இந்த விகாரத்தைப் பற்றி முதலில் வாசித்து அறிந்து, மாதிரியை அனுப்பக் காரணமாக இருந்தவர் அம்மையாரின் கணவரும் உயிரியல் ஆசிரியருமாகிய இன்னார் என்று இருந்தது. என்னுடைய பெயர்.

அன்றைக்குப் பந்தலில் ஆட்கள் வந்து என் கையைப் பிடித்தார்கள். “உங்கடை படிப்பு அவவுக்கு உதவிச்சுது, மாஸ்ரர்” என்றார்கள். “ஏதோ, என்னாலை ஏண்டதைச் செய்தன்” என்றேன். ஒருவருக்கல்ல, வந்த எல்லோருக்கும் சொன்னேன்.

சாப்பாடு முடிந்து கை கழுவ வந்த கெமிஸ்ரி மாஸ்ரரைப் பிடித்து நிறுத்தினேன்.

“ஏன் ஐசே அப்பிடி எழுதினனீர்?”

“தங்கச்சிதான் எழுதச் சொன்னவ.”

“என்னெண்டு?”

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். “நீங்கள் வாசிச்சு அறிஞ்சிட்டியள் எண்டு அவவுக்குத் தெரியும். கம்பியூட்டர் திறந்தபடி கிடந்ததாம். ‘சொல்ல வெக்கப்பட்டுக்கொண்டு திரியிறார், அவராச் சொல்லட்டும்’ எண்டா. நான் கேட்டனான், ஒளிச்சு எண்டாலும் அனுப்புவம் எண்டு. மாட்டன் எண்டிட்டா. ‘எனக்கு ஏதும் நடந்தாலும் ஆரும் அவரைக் குறை சொல்லக்கூடாது. எழுதிற இடம் வந்தால் அவர்தான் கண்டுபிடிச்சதெண்டு எழுதுங்கோ’ எண்டு சொன்னவ.”

மீன் விலையும் கிரிக்கெட்டும் கதைத்த அந்த வாரங்களில் அவர்கள் இரண்டு பேருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

அந்த நேரத்தில் ஒரு மனிதன் அழுதிருக்க வேண்டும், அல்லது அவருடைய கையையாவது பிடித்திருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு.

“எப்ப சொன்னவ? நான் எங்கை போனனான் அப்ப?”

“நீங்கள் பாமசிக்குப் போயிருந்தனீங்கள், மாஸ்ரர்” என்றார்.

எந்த நாள், எவ்வளவு நேரம், அவள் அழுதாளா, வேறு என்ன சொன்னாள் என்று நான் அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் தனக்கு நினைவிருந்தவற்றைச் சொன்னார். மகள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். நான் போகவில்லை. இன்னும் ஏதாவது மிச்சம் வைத்திருக்கிறார் என்றே தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அவள் கேட்டுக்கொண்டதை மீறி இதை எழுதுகிறேன். கல்வெட்டிலுள்ள கடைசிப் பந்தி பிழை.